எலும்பு முறிந்தால் இழப்பீடு எப்படிக் கணக்காகிறது? சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாலை விபத்தில் கை கால் முறிந்து படுத்திருப்பவர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த முறிவுக்கு எவ்வளவு கிடைக்கும்?" பக்கத்து பெட்காரர் ஒரு தொகை சொல்வார். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நிற்கிறவர் அதைப்போல இரண்டு மடங்கு சொல்வார். இரண்டையும் நம்ப வேண்டாம். தொடை எலும்புக்கு இவ்வளவு, காறை எலும்புக்கு இவ்வளவு என்று சட்டத்தில் விலைப்பட்டியல் கிடையாது. முறிவால் உங்கள் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பதைத்தான் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கணக்குப் போடுகிறது. அதையும் நீங்கள் காகிதத்தில் காட்டுகிற அளவுக்குத்தான் ஏற்றுக்கொள்ளும். அதனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை ஆரம்பம்.

முதல் நாள்: கேஷுவால்டியில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

அடிபட்டவரை 108-ல் ஏற்றிக்கொண்டு போனதும், கேஷுவால்டி டாக்டர் ஒரு பெரிய நோட்டில் விவரம் எழுதுவார். அதுதான் விபத்துப் பதிவேடு. கோர்ட்டு பாஷையில் ஏ.ஆர். காப்பி. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டி மோதியது, காயம் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்கில் போய் விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டால் டாக்டர் அதையே எழுதிவிடுவார். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் கையில் எடுக்கிற முதல் தாள் அதுதான். "முதலில் தானாக விழுந்தேன் என்றீர்கள், இப்போது கார் மோதியது என்கிறீர்களே?" என்று கேட்பார். இதற்குப் பதில் சொல்லி மீள்வது லேசுப்பட்ட காரியமில்லை. "சிவப்பு கார் ஒன்று எதிரில் வந்து மோதியது, நம்பர் இது" என்று நிதானமாகச் சொல்லுங்கள். நம்பர் தெரியாவிட்டால், வண்டி மோதியது என்பதையாவது பதிய வையுங்கள்.

ஏற்காட்டில் அடிபட்டவர்களுக்கு இன்னொரு விஷயம். மேலே இருக்கும் அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, எலும்பு முறிவு என்றால் பெரும்பாலும் கீழே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். சிலர் அங்கிருந்து தனியாருக்கு மாறுவார்கள். போன இடம் ஒவ்வொன்றிலும் ஒரு பதிவு இருக்கும். எல்லாவற்றையும் வாங்குங்கள். நடுவில் ஒன்று விட்டுப்போனால் "இந்த முறிவு அந்த விபத்தில்தான் வந்ததா?" என்று கேட்க இடம் கொடுத்ததாகிவிடும்.

தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் கட்டணமில்லாமல் கிடைக்கும். இதை எடுத்துக்கொண்டால் இழப்பீடு போய்விடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். போகாது. மருத்துவச் செலவு என்ற ஒரு தலைப்பில் நீங்கள் காட்டும் பில் குறையும், அவ்வளவுதான்.

அடுத்தது போலீஸ்

எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். "இது எங்கள் எல்லை இல்லை, மலைமேல் ஸ்டேஷனுக்குப் போங்கள்" என்று அலைய விட்டால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது அது. முறிவு என்றாலே, பாரதிய நியாய சன்ஹிதாவின் (தண்டனைச் சட்டம்) 116-வது பிரிவின்படி அது கொடுங்காயம். எலும்பில் விரிசல்தான், லேசான அடிதான் என்று ஸ்டேஷனில் பேசி முடிக்கப் பார்த்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

எதிர்த்தரப்புக்காரர் "கேஸ் வேண்டாம், ஆஸ்பத்திரி செலவை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்வது நம் ஊரில் சகஜம். முதல் வாரம் பார்ப்பார். பிளேட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார்.

போலீஸிடமிருந்து பிறகு வாங்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். நகல், ரஃப் ஸ்கெட்ச் (விபத்து நடந்த இடத்தின் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று, குற்றப்பத்திரிகை. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் விதிகளின்படி, போலீஸே 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. அது தானாக நடக்கும் என்று காத்திருப்பதைவிட, நீங்களே மனுப் போடுவதுதான் என் யோசனை.

யாரிடம் கேட்பது?

மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கேட்பது ஓட்டுநர், உரிமையாளர், கம்பெனி மூவர் மீதும். பணம் தருவது கம்பெனி. வண்டி நம்பரை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் உரிமையாளரைத்தான் பிடிக்க வேண்டும். அது வேறு பாடு. அரசுப் பேருந்து என்றால் போக்குவரத்துக் கழகமே எதிர்மனுதாரர். தீர்ப்பான பணம் கட்டாததால் பஸ் ஜப்தி என்று அவ்வப்போது பேப்பரில் படிப்பீர்களே, அது இந்த வழக்குகளில்தான்.

நிற்காமல் போன வண்டி, கண்டே பிடிக்க முடியவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்குக் கோர்ட்டு வேண்டாம். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். மழை நாளில் சறுக்கி, எந்த வண்டியும் மோதாமல் தானே விழுந்து முறித்துக்கொண்டவர்கள் நிறைய. அவர்களுக்கு எதிராளி என்று யாரும் இல்லை, ஆகவே மூன்றாம் நபர் இழப்பீடும் இல்லை. உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். அது உயிரிழப்புக்கும், கை கால் பார்வை போவதற்கும், முழு நிரந்தர ஊனத்துக்கும்தான். கட்டுப் போட்டுக் கூடுகிற முறிவுக்கு அதில் ஒன்றும் வராது. பின்னால் உட்கார்ந்து வந்தவர் நிலைமை வேறு. ஓட்டியவரின் கவனக்குறைவு என்றால் அவர் கேட்கலாம். பைக்குக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி தரும். தர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் கைவிரித்துவிடும். நண்பன் பைக்கில் மலையேறுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எஸ்டேட்டிலோ பட்டறையிலோ வேலையின்போது நடந்த வாகன விபத்து என்றால் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் திறந்திருக்கும். ஆனால் இரண்டு இடத்திலும் கேட்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

166-ஆ, 164-ஆ?

எதிராளியின் தவறை நிரூபித்து முழு இழப்பையும் கேட்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு. யார் தவறு என்ற பேச்சே இல்லாமல், கொடுங்காயத்துக்கு நிலையான 2.5 லட்சம் கேட்பது 164. சின்ன முறிவு, தவறு யாருடையது என்பதில் குழப்பம் என்றால் 164 நிம்மதி. உழைத்துச் சாப்பிடுகிறவருக்கு ஊனம் தங்கிவிட்டது என்றால் 166-தான்.

166-க்குக் கெடு ஆறு மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் வந்த மாற்றம் இது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதன் போக்கை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஐந்தாவது மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். சிகிச்சை முடியவில்லையே என்று தயங்கத் தேவையில்லை. புதுப் பில்களைப் பிறகு சேர்க்கலாம்.

மனு போடும் இடம் விபத்து நடந்த ஊராகவும் இருக்கலாம், நீங்கள் குடியிருக்கும் ஊராகவும் இருக்கலாம். சேலத்தில் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகம். ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி பக்கத்துக்காரர்கள் அங்கேயே போடலாம். ஏற்காட்டுக்குச் சுற்றுலா வந்து கால் முறிந்த பெங்களூருக்காரர் வாய்தாவுக்கு வாய்தா சேலம் வரத் தேவையில்லை, பெங்களூரிலேயே போடலாம்.

புத்தூர் கட்டா, ஆபரேஷனா?

நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். ஆபரேஷன் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் "கத்தி வைக்க வேண்டாம், கட்டுக் கட்டுகிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்பார்கள். வார்டில் "எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். சிகிச்சை எது நல்லது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. வழக்குக்கு அது என்ன செய்யும் என்று மட்டும் சொல்கிறேன்.

கட்டு வைத்தியத்தில் பெரும்பாலும் ரசீது இருக்காது, இருந்தாலும் துண்டுச் சீட்டு. எலும்பு கோணலாகக் கூடிவிட்டால், "டாக்டர் சொன்ன ஆபரேஷனை இவர் மறுத்தார், ஊனத்துக்கு இவரேதான் காரணம்" என்று கம்பெனி தரப்பு வாதாடும். அப்படியும் கட்டுக்குத்தான் போவீர்கள் என்றால் மூன்று வேலையாவது செய்யுங்கள்: கட்டுக்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுங்கள், ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு ரசீது கேளுங்கள், மாதம் ஒருமுறையாவது எலும்பு டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள்.

எக்ஸ்ரே ஃபிலிம் பற்றிக் கூடுதலாக ஒன்று. அறிக்கையைப் பத்திரமாக வைத்துவிட்டு ஃபிலிமைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். ஊனத்தை அளக்கிற டாக்டர் கேட்பது ஃபிலிமைத்தான். அடிபட்ட அன்று எடுத்தது, பிளேட் வைத்த பின் எடுத்தது, கூடிய பின் எடுத்தது: இந்த வரிசை கையில் இருந்தால் பாதி வாதம் தானாக முடியும்.

ஊனச் சதவீதம்: இங்கேதான் பணம் இருக்கிறது

எலும்பு நன்றாகக் கூடி, மூட்டு பழையபடி மடங்கினால் நிரந்தர ஊனம் இல்லை. சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலி வேதனை, சத்துணவு, போக்குவரத்து, உடனிருந்து பார்த்தவருக்கான தொகை ஆகியவற்றோடு கணக்கு முடியும். வீட்டம்மாதான் பார்த்துக்கொண்டார், சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை என்றாலும் உடனிருப்பவர் தொகையைக் கேட்கலாம்; கேளுங்கள்.

முறிவு மூட்டுக்குள் ஏறியிருந்தால், கால் நீளம் குறைந்தால், எலும்பு கூடாமலோ கோணலாகவோ நின்றால், ஊனம் தங்கும். சிகிச்சை முடிந்து நிலைமை இதற்குமேல் மாறாது என்ற கட்டத்தில்தான் இதை அளக்க வேண்டும். இப்போதெல்லாம் தீர்ப்பாயம் பெரும்பாலும் அரசு மருத்துவக் குழுவுக்கு அனுப்புகிறது. சிகிச்சையே தராத ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கிய சான்றிதழ் மேசையில் நிற்காது. அப்படித் தயார் நிலையில் சான்றிதழ் தருபவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றமே ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் எச்சரித்திருக்கிறது.

2010-ல் வந்த அந்தத் தீர்ப்புதான் இன்றுவரை காய வழக்குகளுக்கு அடிப்படை. அதில் மூன்று அளவுகளைப் பிரித்துக் காட்டினார்கள். காலுக்கு எத்தனை சதவீத ஊனம் என்பது ஒன்று. முழு உடம்புக்கு எத்தனை என்பது இரண்டாவது, முதலாவதைவிடக் குறையும். சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் டாக்டர் சொல்லலாம். மூன்றாவதைத் தீர்மானிப்பது தீர்ப்பாயம். அது உங்கள் தொழிலைப் பொறுத்தது. ஒரு கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே கிட்டத்தட்ட முழுசாகப் போகலாம், அரசு குமாஸ்தாவுக்கு வேலையே போகாமல் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் சொல்கிறது.

ஆகவே "எனக்கு 40 சதவீதம் போட்டுக்கொடுத்தார்" என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன வேலை செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர் என்றால், எத்தனை கிலோ தூக்கினார், இப்போது என்ன ஆகிறது என்பதை மண்டிக்காரரோ மேஸ்திரியோ கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். தறி ஓட்டுகிறவர் எத்தனை மணி நேரம் நின்றார், கொத்தனார் சாரம் ஏற முடிகிறதா என்பவையெல்லாம் சாட்சியம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்கிற 32 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், கணக்கு நிஜம். வலது மணிக்கட்டு முறிந்து, பிளேட் வைத்து, மூட்டு முழுதாகத் திரும்பவில்லை. பற்றவைக்கவும் சலங்கை கோக்கவும் விரல் ஒத்துழைக்கவில்லை. மாத வருமானம் 18,000 என்று நிரூபித்துவிட்டார். சம்பாதிக்கும் திறனில் 15 சதவீத இழப்பு என்று தீர்ப்பாயம் முடிவு செய்கிறது.

சொந்தத் தொழில் அல்லது நிலைச் சம்பளம், 40 வயதுக்குக் கீழ் என்றால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். இது 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஊனம் தங்கிய காய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2020-ல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் சொன்னார்கள். 18,000 இப்போது 25,200 ஆகிறது. வருடத்துக்கு 3,02,400.

அடுத்து பெருக்கு எண், அதாவது வருட வருமானத்தை வயதுக்கேற்ப எத்தனையால் பெருக்குவது என்பது. 2009-ல் சரளா வர்மா வழக்கில் தந்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுக்கு 16. (26–30-க்கு 17, 36–40-க்கு 15, 41–45-க்கு 14, 46–50-க்கு 13, 51–55-க்கு 11 என்று இறங்கும்.) 3,02,400-ஐ 16-ஆல் பெருக்கினால் 48,38,400. அதில் 15 சதவீதம் 7,25,760 ரூபாய். உயிரிழப்பு வழக்குகளில் சொந்தச் செலவென்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். காய வழக்கில் அந்தக் கழிவு கிடையாது.

இதோடு ஐந்து மாதம் வேலையில்லாத வருமானம் 90,000, மருத்துவப் பில் 1,35,000, வலி வேதனைக்கு 50,000, உணவு போக்குவரத்து உடனிருப்பவருக்கு 40,000 என்று வைத்தால் மொத்தம் 10,40,760.

இதே முறிவு, இதே வயது, ஆனால் பாங்கில் மேசை வேலை, சம்பளம் குறையவில்லை என்றால்? பெருக்கு எண் முறைக்குள் போகாமல் ஊனச் சதவீதம் ஒன்றுக்கு இத்தனை ஆயிரம் என்று மொத்தமாகத் தருவது சென்னை உயர் நீதிமன்ற வழக்கம். அண்மைத் தீர்ப்புகளில் சதவீதத்துக்கு 5,000 சாதாரணமாகப் பார்க்கலாம். 15 சதவீதத்துக்கு 75,000. அங்கே ஏழே கால் லட்சம், இங்கே முக்கால் லட்சம்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையென்றால்

பட்டறைக்காரர், தறிக்காரர், கூலிக்காரர் பெரும்பாலோருக்குச் சீட்டு கிடையாது. அப்போது விபத்து நடந்த ஆண்டைப் பார்த்து தீர்ப்பாயமே ஒரு மாத வருமானத்தை நிர்ணயிக்கும். அது உண்மையைவிடக் குறைவாக இருப்பதுதான் வழக்கம். பாங்க் பாஸ்புக், கூகுள் பே வரவுகள், நலவாரிய அட்டை, கூலி எழுதுகிற நோட்டு, முதலாளியின் சாட்சி என்று எது இருந்தாலும் கொடுங்கள். முதலாளி எழுதிக் கொடுத்த கடிதம் மட்டும் போதாது, அவர் வந்து சொல்ல வேண்டும். இல்லத்தரசிக்கு வருமானம் இல்லை என்று விட்டுவிட முடியாது. வீட்டு வேலைக்கும் மதிப்புப் போடச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. குழந்தைகளுக்கும் கணக்கு உண்டு.

எங்கே வெட்டு விழும்?

உங்கள் பக்கமும் தவறு இருந்தால் அந்தப் பங்கு கழியும். மேலே சொன்ன தொகையில் 20 சதவீதம் உங்கள் தவறு என்றால் 2,08,152 போய், 8,32,608 மிஞ்சும். மலைப்பாதையில் ஒதுங்க இடமில்லாத இடத்தில், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது வளைவில் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தால் ரஃப் ஸ்கெட்ச்சே காட்டிக்கொடுக்கும். இடம், டயர் தடம், வண்டி நின்ற நிலை எல்லாவற்றையும் அன்றைக்கே யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதற்காகவே தொகையைக் குறைக்க முடியாது, அதுதான் விபத்துக்கோ காயத்துக்கோ காரணம் என்று காட்ட வேண்டும் என்று முகமது சித்திக் வழக்கில் 2020-ல் தீர்ப்பு இருக்கிறது. மோதிய வண்டி ஓட்டுநரிடம் லைசென்ஸ் இல்லையென்றாலும் கலங்க வேண்டாம். கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவது வழக்கம்.

வக்கீல், ஏஜெண்ட், சமரசம்

வார்டுக்குள்ளேயே வந்து "நான் எல்லாம் பார்த்துக்கறேண்ணா" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவரைத் திருப்பி அனுப்புங்கள். வக்கீல் வழக்கின் பலனில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். நடைமுறை எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஃபீஸைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் எதையும் நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட செக் யாருக்கும் தராதீர்கள்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசம் பேசினால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. எனக்குக் கேட்டால், சாதாரணமாகக் கூடிய முறிவுக்கு அதாலத் நல்ல வழி. பிளேட்டை இன்னும் எடுக்கவில்லை, இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். பிளேட் எடுக்கும் செலவு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, எதிர்கால மருத்துவச் செலவில் சேர்த்துவிட்டுப் பேசுங்கள்.

தீர்ப்புத் தொகை போதாது என்றால் 90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. தகராறு ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் அதற்கு வழியில்லை. மனுப் போட்ட தேதியிலிருந்து வட்டியும் சேரும், நம் பக்கத் தீர்ப்புகளில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம். வாய்தாவுக்குப் போகாமல் மனு தள்ளுபடியாகி, பிறகு உயிர்ப்பித்தால் அந்த இடைக்காலத்துக்கு வட்டி வெட்டப்படும்.

கம்பெனி பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டியதும் அது தானாக உங்கள் கைக்கு வராது. எடுப்பதற்குத் தனி மனு வேண்டும். பாஸ்புக் முதல் பக்கம், ஆதார், பான் நகல்களோடு போனால் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புவார்கள். மைனருக்கான பங்கு 18 வயது வரை ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பெயரும் மனுவில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று மனுப் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இனிஷியல் மாறியிருந்தால் அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம், இன்னொரு வாய்தா.